வல்லத்து மொட்டை மாடியிலிருந்து ஒரு விண்வெளிக் காட்சி

வல்லம் என்று சொன்னதுமே, "எந்த வல்லம்?" என்று கேட்பீர்கள். தஞ்சாவூருக்குப் பக்கத்தில் ஒரு வல்லம் உண்டு. செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் பல்லவர் காலத்துக் குடைவரைக் கோயிலோடு இன்னொரு வல்லம். நான் சொல்லப் போவது செஞ்சி வல்லம். திண்டிவனத்தில் திருவண்ணாமலை பஸ் ஏறினால், செஞ்சி வருவதற்கு முன்னால் வருகிற ஊர். பஞ்சாயத்து யூனியன் ஆபீஸ், பஸ் நிறுத்தத்தில் இரண்டு டீக்கடை, சாலைக்கு இரண்டு பக்கமும் நெல், உளுந்து, மல்லாட்டை. (வேர்க்கடலைக்கு எங்கள் தென்னார்க்காட்டுப் பெயர் அதுதான்!) சுற்றுலாப் பயணிகள் யாரும் இங்கே இறங்குவதில்லை. எல்லோரும் கோட்டையைப் பார்க்க செஞ்சிக்கே டிக்கெட் வாங்கி விடுகிறார்கள்.

நான் இறங்குவேன். என் அக்காவை இந்த ஊரில்தான் கொடுத்திருக்கிறது.

கோட்டையைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்லி விடுகிறேன். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்று மூன்று குன்றுகளைச் சேர்த்து மதில் வளைத்த கோட்டை இது. கீழே கல்யாண மகால், நெற்களஞ்சியம், வெங்கடரமணர் கோயில். ராஜகிரி உச்சியில் ரங்கநாதர். 2025 ஜூலை 11-ந் தேதி யுனெஸ்கோ அமைப்பு மராட்டியரின் ராணுவக் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது அல்லவா? அதில் பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. மிச்சம் இருந்த ஒன்று நம் செஞ்சி!

மூன்றாவது குன்றின் பெயரைக் கவனித்தீர்களா? சந்திராயன் துர்க்கம். சந்திரயான்-3 விண்கலத்தின் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் இதே விழுப்புரத்தில் பிறந்து வளர்ந்தவர். 2023 ஆகஸ்ட் 23-ந் தேதி அந்தக் கலம் நிலாவில் இறங்கியபோது எங்கள் ஜில்லாவே தலைகால் புரியாமல் ஆடியது. அப்போது பிளஸ் டூ படித்துக் கொண்டிருந்த என் அக்கா மகள், "பேரை அன்னிக்கே வெச்சுட்டாங்க சித்தி!" என்று குதித்தாள்.

அடுத்த மாதமே நான் அங்கே போனபோது நடந்ததுதான் இந்தக் கட்டுரை.

ஞாயிற்றுக்கிழமை இரவு 8 மணி

2023 செப்டம்பர் 24. புரட்டாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை. மொட்டை மாடியில் பாய் விரித்து, வேகவைத்த மல்லாட்டையை முறத்தில் கொட்டி உட்கார்ந்திருந்தோம். அக்கா, அக்காவின் மாமியார், அக்கா மகள், நான். அக்காவின் மாமியாரை நானும் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். எழுபது வயதுக்கு மேல் ஆகிறது. கண் இன்னும் கூர்மை. வளர்பிறை நிலா உச்சிக்கு வந்து கொண்டிருந்தது. மேற்கே செஞ்சிக் குன்றுகள் மங்கலாய்த் தெரிந்தன.

அக்கா மகள் செல்போனைத் தண்ணீர்ச் செம்பின் மேல் சாய்த்து வைத்தாள். "இப்ப ஒரு விண்கலம் பூமிக்குள்ள வரப் போவுது ஆயா. அமெரிக்காவுல பகல். நேரடியாக் காட்டறாங்க" என்றாள்.

அது ஒசைரிஸ்-ரெக்ஸ் என்ற விண்கலத்தின் பெட்டகம். 2016 செப்டம்பரில் அமெரிக்காவின் நாசா அனுப்பியது. பென்னு என்ற சின்னஞ்சிறு கோளுக்குப் போய், 2020 அக்டோபர் 20-ந் தேதி அதன் மேல் தொட்டும் தொடாமலும் இறங்கி, ஒரு பிடி மண்ணும் கல்லும் அள்ளிக் கொண்டு திரும்பியது. போக வர மொத்தம் 620 கோடி கிலோ மீட்டர் பயணம். பூமிக்கு ஒரு லட்சம் கிலோ மீட்டர் தொலைவில் தாய்க்கலம் அந்தப் பெட்டகத்தை மட்டும் விடுவித்து விட்டு, தான் வேறொரு சிறுகோளை நோக்கிப் போய் விட்டது. பெட்டகத்தின் அகலம் 81 சென்டிமீட்டர். ஒரு லாரி டயர் அளவுதான்!

"ஏழு வருஷம் ஊரெல்லாம் சுத்திட்டு வருதா? இன்னும் எத்தினி நேரம் ஆவும்?" என்று அத்தை கேட்டார்.

"இனிமே பத்தே நிமிஷம் ஆயா. ஆனா அந்தப் பத்து நிமிஷந்தான் ரொம்ப ஆபத்து!"

வாசற்படியில் நெருப்பு

வருகிற வழியெல்லாம் வெறும் வெளி. காற்று இல்லை, தடை இல்லை. வீட்டு வாசலில்தான் வருகிறது சோதனை. நம் பூமியைச் சுற்றியிருக்கும் காற்றுப் போர்வைக்குள் அது நுழைந்தாக வேண்டும். பெட்டகம் வந்த வேகம் மணிக்கு சுமார் 44,500 கிலோ மீட்டர். அந்த வேகத்தில் வரும் பொருளுக்கு முன்னால் இருக்கும் காற்று விலகிக் கொள்ள நேரமில்லாமல் நசுங்குகிறது. நசுங்கும் காற்று சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள், சுடும். அதே சங்கதிதான், பல ஆயிரம் மடங்கு பெரிதாக! பெட்டகத்தைச் சுற்றி 2,900 டிகிரி சென்டிகிரேடு வரைக்கும் வெப்பம் ஏறும் என்று கணக்கிட்டிருந்தார்கள். இரும்பு 1,538 டிகிரியிலேயே உருகி விடும் என்பதை நினைத்துப் பார்த்தால் அதன் உக்கிரம் புரியும்.

அப்படியானால் உள்ளே இருக்கும் மண் எப்படிப் பிழைக்கிறது? அடியில் ஒரு வெப்பக் கவசம் இருக்கிறது. அது தானே கொஞ்சம் கொஞ்சமாகக் கருகி, ஆவியாகி உதிர்ந்து, போகும்போது சூட்டையும் எடுத்துக் கொண்டு போய் விடுகிறது. மண்பானையில் கசியும் நீர் ஆவியாகும்போது பானைக்குள் இருக்கும் தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கிறது பாருங்கள், ஏறக்குறைய அந்த மாதிரி.

நுழையும் கோணமும் சரியாக அமைய வேண்டும். ஏரியில் ஓட்டாஞ்சில்லைப் படுக்கை வாட்டமாக வீசினால் தத்தித் தத்தித் தாண்டிப் போகும். செங்குத்தாகப் போட்டால் தொபுக்கென்று விழும். கலமும் அப்படித்தான். ரொம்பச் சாய்வாக வந்தால் காற்றின் மேல் தத்தி வெளியே போய் விடலாம். செங்குத்தாக வந்தால் சூட்டையும் அதிர்ச்சியையும் தாங்காது.

இரவு 8 மணி 12 நிமிஷம். போனில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. வெப்பத்தைப் படம் பிடிக்கும் கேமராவில் தெரிந்த காட்சி அது. புள்ளி ஓடியது. சின்னப் பாராசூட் விரிய வேண்டிய நேரம் வந்தது. விரிந்ததாகச் சேதி வரவில்லை. அக்கா மகள் என் கையை இறுக்கிப் பிடித்துக் கொண்டாள். அத்தை மல்லாட்டை உரிப்பதை நிறுத்தி விட்டார்.

பிறகு அறிவிப்பாளரின் குரல் உயர்ந்தது. ஆரஞ்சும் வெள்ளையுமாகப் பெரிய பாராசூட்! 8 மணி 22 நிமிஷத்துக்கு யூட்டா பாலைவனத்தில், ஓடுகிறவன் வேகத்தில் மெல்லத் தரை தொட்டது. எதிர்பார்த்ததற்கு மூன்று நிமிஷம் முன்னதாகவே!

ஏன் அப்படி என்பதை நாசா பிறகு கண்டுபிடித்துச் சொன்னது. வரைபடத்தில் 'மெயின்' என்ற ஒரே சொல்லை இரண்டு இடத்தில் இரண்டு அர்த்தத்தில் எழுதியிருக்கிறார்கள். அதனால் கம்பி இணைப்பு மாறி, சின்னப் பாராசூட் விரியும் முன்பே அறுந்து விட்டது. பெரிய பாராசூட் உறுதியாக இருந்ததால் பிழைத்தது. டப்பாக்களில் பெயர் எழுதி ஒட்டும்போது நாம் எதற்கு அத்தனை கவனமாக இருக்கிறோம் என்று இனிமேல் யாரும் கேலி செய்ய வேண்டாம்!

வந்து சேர்ந்த மண் 121.6 கிராம். ஒரு வறுகடலைப் பொட்டலம் எடை. அந்தப் பொட்டலத்தில், உயிர்களின் புரதத்துக்கு அடிப்படையான 20 அமினோ அமிலங்களில் 14 இருந்ததாக 2025 ஜனவரியில் அறிவித்தார்கள். பெட்டகம் வாசலில் எரிந்து போயிருந்தால் அது யாருக்கும் தெரிந்திருக்காது.

அத்தை பார்த்த ஸ்கைலாப் இரவு

எல்லோரும் கை தட்டினோம். அத்தை மட்டும் பேசாமல் இருந்தார். பிறகு, "இது கெட்டிக்காரப் பொட்டி. அந்தக் காலத்துல ஒண்ணு வந்துது பாரு, அது எங்க விழும்னு யாருக்கும் தெரியல" என்றார்.

ஸ்கைலாப்! நாற்பது வயதைத் தாண்டிய எந்தத் தமிழ்க் குடும்பத்திலும் இந்தக் கதை இருக்கும். அமெரிக்காவின் முதல் விண்வெளி நிலையம் அது. 1973 மே 14-ந் தேதி ஏவப்பட்டது. எடை 77 டன். 1974 பிப்ரவரியில் கடைசி மூன்று விண்வெளி வீரர்களும் இறங்கி வந்து விட்டார்கள்; அதன் பிறகு அது ஆளில்லாத வீடு. சூரியனின் சீற்றம் அதிகமானதால் மேல் வளிமண்டலம் உப்பி, நிலையத்தை இழுத்து, நினைத்ததைவிட முன்னதாகவே கீழே கொண்டு வந்தது. அதை மேலே தள்ளி விட அப்போது வாகனம் தயாராக இல்லை. பூமியைச் சுற்றும் அதன் பாதைக்குக் கீழே இந்தியாவும் இருந்தது.

"ஆனி மாசக் கடைசி. ரேடியோல சொல்லிக்கிட்டே இருந்தாங்க. 'நம்ம தலையிலதான் விழப் போவுது, இருக்கிறதைத் தின்னுட்டுச் சாவோம்'னு கோழியெல்லாம் அடிச்சுக் குழம்பு வெச்சாங்க ஜனங்க. வாங்கின கடனை இனிமே எவன் கேப்பான்னு சிரிச்சவங்களும் உண்டு. எனக்குச் சிரிப்பு வரல. உங்க மாமா லாரியில மெட்ராஸ் போயிருந்தாரு. பெரியவனுக்கு அப்ப எட்டு மாசம். குழந்தையை மடியில போட்டுக்கிட்டுத் திண்ணையிலேயே உக்காந்திருந்தேன். பௌர்ணமி கழிஞ்சு ரெண்டு நாளு, நல்ல நிலா. வானத்தைப் பாக்கவே இல்ல. ரோட்டைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

1979 ஜூலை 11-ந் தேதி, நம் நேரப்படி இரவு 10 மணி சுமாருக்கு ஸ்கைலாப் உடைந்து விழுந்தது. பெரும்பகுதி இந்துமகா சமுத்திரத்தில். மிச்சம் மேற்கு ஆஸ்திரேலியாவில், எஸ்பரன்ஸ் என்ற ஊரின் சுற்றுப்புறத்தில். ஒருவருக்கும் காயமில்லை. ஊரில் குப்பை போட்டதற்காக அந்த ஊர் நிர்வாகம் நாசாவுக்கு 400 டாலர் அபராதம் போட்டதாம்!

"விடிகாலை நாலு மணிக்கு வந்தாரு. கையில பன் பொட்டலம். 'ஸ்கைலாப் விழுந்துடுச்சா?'ன்னு கேட்டாரு. 'அது எங்கயாவது விழட்டும். நீங்க வந்துட்டீங்க இல்ல'ன்னு சொன்னேன்."

அக்கா மகள் சிரிக்கவில்லை. ஆயாவின் மடியில் தலை வைத்துப் படுத்துக் கொண்டாள்.

திரும்பி வருவதற்கும் ஒரு படிப்பு

செஞ்சியின் தேசிங்கு ராஜனை நமக்குத் தெரியும். 1714-ல் இளம் வயதில் போருக்குப் புறப்பட்ட அவன் திரும்பவில்லை. மனைவி உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாகத்தான் ராணிப்பேட்டை என்ற பெயர் வந்தது என்பார்கள். அவன் குதிரை ஏறியதைத்தான் ஊர் ஊராகப் பாடினார்கள். வாசலில் நின்றவளைப் பற்றிய பாட்டு குறைவு.

நம் காலத்தில் 2003 பிப்ரவரி 1-ந் தேதியை எந்தப் பெண்ணால் மறக்க முடியும்? கல்பனா சாவ்லாவும் அவருடைய ஆறு தோழர்களும் பதினாறு நாள் வேலையை முடித்து, தரை இறங்க இன்னும் 16 நிமிஷம் இருக்கும்போது கொலம்பியா ஓடம் சிதறியது. புறப்பட்ட அன்று ஒரு நுரைத் துண்டு இடது இறக்கையில் அடித்து ஏற்படுத்திய சேதம், திரும்பி வரும்போது உயிர்களை வாங்கி விட்டது. போகும்போது கவனிக்காத ஓட்டை, வரும்போதுதான் வேலையைக் காட்டுகிறது.

அதனால்தான் நம் இஸ்ரோவும் இந்தத் திரும்பி வரும் படிப்பைத் தனியாகப் படித்தது. 2007 ஜனவரி 10-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 550 கிலோ எடையுள்ள ஒரு கூண்டை அனுப்பினார்கள். பன்னிரண்டு நாள் சுற்ற விட்டு, ஜனவரி 22-ந் தேதி காலை இறக்கினார்கள். 9 மணி 17 நிமிஷத்துக்கு, 100 கிலோ மீட்டர் உயரத்தில், மணிக்கு 29,000 கிலோ மீட்டர் வேகத்தில் காற்றுக்குள் நுழைந்தது. மேலே பதித்த சிலிக்கா ஓடுகள் சூட்டைத் தாங்கின. பாராசூட்டுகள் வேகத்தை மணிக்கு 43 கிலோ மீட்டராகக் குறைக்க, 9 மணி 46 நிமிஷத்துக்கு வங்காள விரிகுடாவில் ஸ்ரீஹரிகோட்டாவுக்குக் கிழக்கே 140 கிலோ மீட்டரில் மிதந்தது. 2014 டிசம்பர் 18-ல் மனிதர் உட்காரும் அளவுக் கூண்டு ஒன்றை அதே கடலில் இறக்கி, எண்ணூர் துறைமுகத்துக்குக் கொண்டு வந்தார்கள். நம் ககன்யான் வீரர்களும் ஒருநாள் இப்படித்தான் கடலில் இறங்கி வீடு வர வேண்டும்.

நீங்கள் பார்க்க நேர்ந்தால்

வல்லம் மாதிரி வெளிச்சம் குறைந்த ஊர்களில் வானத்தில் ஏதாவது எரிந்து போவதைப் பார்க்கலாம். ஓரிரு விநாடியில் சர்ரென்று மறைந்தால் அது எரிகல். நிதானமாக, அரை நிமிஷம் ஒரு நிமிஷம் என்று நகர்ந்து, பல துண்டுகளாகப் பிரிந்து வரிசையாக எரிந்தால் பழைய ராக்கெட்டோ செயற்கைக் கோளோ திரும்பி வருகிறது என்று அர்த்தம். 2022 ஏப்ரல் 2-ந் தேதி இரவு மகாராஷ்டிரத்தில் ஏராளமான பேர் அப்படிப் பார்த்தார்கள். சந்திரபூர் ஜில்லாக் கிராமம் ஒன்றில் பெரிய உலோக வளையமே விழுந்தது.

வயலில் அப்படி ஏதாவது கிடந்தால் குழந்தைகளை அண்ட விடாதீர்கள். தொடக் கூடாது, முகரக் கூடாது. எரிபொருள் மிச்சம் இருந்தால் விஷம். கிராம நிர்வாக அலுவலருக்கோ போலீசுக்கோ சொல்லி விட்டு, காற்று வரும் பக்கமாகத் தள்ளி நில்லுங்கள்.

மறுநுழைவுத் திட்டம்

அன்று இரவு மாடியில் இன்னொரு பேச்சும் நடந்தது. அக்கா மகளுக்கு வெளியூரில் பொறியியல் படிக்க ஆசை. அக்காவுக்கும் அத்தானுக்கும் மனம் வரவில்லை. பக்கத்திலேயே ஏதாவது கல்லூரி போதும், ஒற்றைப் பெண், ராத்திரி பஸ், காலம் கெட்டுக் கிடக்கிறது என்று மாதக் கணக்கில் வாதம். அத்தை எதிர்ப்பார் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம்.

"போவட்டும். ஆனா எப்படிப் போவான்னு பேசாதீங்க. எப்படித் திரும்பி வருவான்னு முதல்ல உக்காந்து பேசுங்க" என்றார் அத்தை.

2024-ல் அவள் திருச்சியில் சேர்ந்தாள். சேரும் முன்பே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தோம். மறுநுழைவுத் திட்டம் என்று பெயர் வைத்தது அவள்தான். உங்கள் பெண்களுக்கும் உதவும் என்பதால் தருகிறேன்:

பஸ் ஏறியதும் பஸ் நம்பர், விழுப்புரம் தாண்டியதும் ஒரு போன். இருட்டுவதற்குள் வந்து சேரும் பஸ்ஸிலேயே ஏறுவது. தாமதமானால் விழுப்புரம் பஸ் நிலையத்தில் அத்தான் காத்திருப்பார். அவரால் முடியாவிட்டால் பக்கத்து வீட்டு அண்ணன். அதாவது ஒன்றுக்கு இரண்டு பாராசூட். பைக்குள் தனியாக 500 ரூபாய், சார்ஜ் ஏற்றிய பவர் பாங்க். பெண்கள் உதவிக்கு 181, அவசரத்துக்கு 112, போனில் மட்டுமில்லை, மனப்பாடமாகவும். முக்கியமாக ஒன்று: எந்த நிலையில் வந்தாலும், மார்க் குறைந்தாலும், படிப்பே பிடிக்காமல் போனாலும், வாசலில் நிற்க வைத்துத் திட்டக் கூடாது. முதலில் சோறு. பேச்சு அப்புறம். இது பெற்றவர்களுக்கான விதி!

2025 மார்ச் 19-ந் தேதி விடிகாலை, சுனிதா வில்லியம்ஸ் 286 நாள் கழித்துக் கடலில் இறங்கியபோது ஹாஸ்டலிலிருந்து அவள் வீட்டுக்குப் போன் பண்ணினாளாம். "எட்டு நாளுக்குன்னு போனவங்க ஆயா, ஒம்பது மாசம் ஆயிடுச்சு!" அத்தை கேட்டது ஒன்றுதான்: "சாப்பிட்டாங்களாமா?"

செஞ்சிக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ராஜகிரிக்குக் காலையிலேயே ஏறி விடுங்கள். தண்ணீரும் நெல்லிக்காயும் எடுத்துப் போங்கள். தின்பண்டத்தைக் கையில் வைத்திருந்தால் குரங்கு பிடுங்கும். உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஆழமான பிளவு ஒன்று வரும். அத்தனை படி ஏறி வந்த பகைவனும் அங்கேதான் தடுமாறுவான். இப்போது பாலம் இருக்கிறது. கைப்பிடியைப் பிடித்து நடங்கள். வெயில் உரைப்பதற்குள் இறங்கி விடுங்கள். இறங்கும்போதுதான் முழங்கால் நடுங்கும், ஒரு படிக்கு இரண்டு தடவை பார்த்துக் கால் வையுங்கள். கடைசிப் படி இறங்கியதும் வீட்டுக்கு ஒரு போன் போடுங்கள். யாராவது ரோட்டைப் பார்த்துக் கொண்டிருப்பார்கள்.